அஞ்சலி செலுத்தும் முறை: சென்னைக் கணிப்பொறித் தொழிலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நண்பர்களே,

மயிலாப்பூர் மாடவீதிகளிலும் மந்தைவெளியிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் குடியிருந்துகொண்டு, விடிந்தும் விடியாத வேளையில் கம்பெனி பஸ்ஸுக்கோ காருக்கோ தெருமுனையில் காத்து நின்று, தரமணி, பெருங்குடி, சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று பழைய மகாபலிபுரம் சாலை நெடுக எழுந்து நிற்கும் கட்டடங்களுக்குள் நுழைந்து, இருட்டி வெகுநேரம் கழித்து வீடு திரும்பும் உங்கள் எல்லோரையும் உத்தேசித்தே இம்மடலை எழுதுகிறேன். நான் உங்கள் தொழிலைச் செய்தவன் அல்லன். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் போதித்து ஓய்வு பெற்றவன். என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் உங்களுக்குள் இருக்கிறார்கள் என்ற உரிமையும், சரித்திரம் கண்ணெதிரே அழிந்துபோவதைக் கண்டால் மனம் பொறுக்காத பழக்கமும் சேர்ந்து என்னை எழுதத் தூண்டுகின்றன.

2020-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 26-ஆம் தேதி, டாட்டா கன்ஸல்டன்ஸி ஸர்வீஸஸ் (டி.சி.எஸ்.) ஸ்தாபனத்தை ஏறத்தாழ அதன் தொடக்கத்திலிருந்து வளர்த்து ஆளாக்கிய ஃபகீர் சந்த் கோஹ்லி, தமது தொண்ணூற்றாறாவது வயதில் காலமானார். அன்று சென்னை எந்த நிலையில் இருந்தது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முந்தின நாள் நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்திருந்தது. 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தின் கொடிய நினைவு மாறாத மக்கள், செம்பரம்பாக்கம் ஏரியின் மதகுகள் மீண்டும் திறக்கப்பட்ட செய்தியைக் கேட்டு அடையாற்றின் கரையில் உறக்கமின்றி விழித்திருந்தார்கள். வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் தெருக்களில் நீர் நின்றது. கொரோனா காரணமாக நீங்கள் அனைவரும் வீட்டுக் கூடத்து மேஜைகளையே அலுவலகமாக்கிக்கொண்டிருந்த காலம் அது. போதாக்குறைக்கு, முந்தின நாள்தான் மாரடோனா மறைந்திருந்தார். உலகத்தின் துக்கமெல்லாம் அர்ஜென்டினாவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. கோஹ்லியின் மறைவுக்குப் பிரதமர் அனுதாபம் தெரிவித்தார், தொழிலதிபர்கள் தெரிவித்தார்கள், பத்திரிகைகள் மறுநாள் எழுதின. எனினும், எந்தத் தொழிலினால் இந்நகரின் தென்பகுதி அடையாளமே மாறிப்போயிற்றோ, எந்தத் தொழிலினால் சதுப்பு நிலத்தின் ஓரமாக ஒரு புது நகரமே முளைத்ததோ, அந்தத் தொழிலுக்கு அடிக்கல் நாட்டியவர்களுள் தலையாய ஒருவர் மறைந்தார் என்ற உணர்ச்சி இங்கே ஒரு வாரம்கூட நிலைத்ததாக நான் காணவில்லை.

இதற்காக உங்களைக் கடிந்துகொள்ள வரவில்லை. வீட்டு வாசலில் தண்ணீர் ஏறும்போது எவரும் எவருக்காகவும் அழ அவகாசம் பெறுவதில்லை. ஆனால் அவகாசம் இருந்த சந்தர்ப்பங்களும் உண்டு. 2011-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் ஐம்பத்தாறு வயதில் இறந்தபோது, ஆப்பிள் கம்பெனியின் கருவி எதையும் தொட்டுக்கூடப் பாராத கல்லூரி மாணவர்கள் இந்நகரில் தங்கள் வீட்டிலொருவரை இழந்ததுபோல் வருந்தியதை நான் நேரில் கண்டிருக்கிறேன். 2005-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அவர் நிகழ்த்திய உரை எங்கும் பகிரப்பட்டது. அதே மாதம் 12-ஆம் தேதி, ‘சி’ என்னும் நிரல்மொழியைப் படைத்தவரும் யூனிக்ஸை உருவாக்கியவர்களுள் ஒருவருமான டென்னிஸ் ரிட்சி தமது வீட்டில் இறந்து கிடந்தார். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழுள்ள பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டு மாணவன் அழுதுகொண்டே படிக்கும் பாடம் அவருடைய மொழி. ஜாப்ஸின் கருவிகளுக்குள் உயிர்நாடியாக ஓடுவதும் யூனிக்ஸின் வழிவந்த அமைப்பே. ரிட்சியின் பெயரை அன்று சொன்னவர் வெகு சிலர்.

ரத்தன் டாட்டா 2024 அக்டோபர் 9-ஆம் தேதி இரவு காலமானபோதோ நாடே திரண்டு அழுதது. மும்பையில் அவருடைய உடலை மக்கள் வரிசையில் நின்று தரிசித்தார்கள். வர்லி மயானத்தில் அரசு மரியாதையோடு தகனம் நடந்தது. அவர் வளர்த்த ‘கோவா’ என்னும் நாயை இறுதி மரியாதைக்கு அழைத்து வந்த காட்சியைக் கண்டு கலங்காதவர் இல்லை. உங்கள் கைப்பேசிகளில் அன்று ஸ்டேட்டஸாக வைக்கப்பட்ட படங்களையும் வாசகங்களையும் நானும் பார்த்தேன். அந்தத் துக்கம் உண்மையானது. அதில் எனக்கு ஐயம் இல்லை. செல்வத்தைக் குவித்தவர்களின் ஆடம்பரத்தையே ஓயாமல் பார்த்துச் சலித்துப்போன மக்கள், எளிமையாக வாழ்ந்த ஒருவரைக் கண்டு அபிமானம் கொண்டதில் வியப்பென்ன?

ஆயினும் அந்த வாசகங்களில் எத்தனை அவர் சொன்னவை? 2020 ஏப்ரலில், கொரோனாவுக்குப் பின் பொருளாதாரம் எப்படி இருக்கும் என்று தாம் எழுதியதாக உலவிய ஒரு குறிப்பைக் கண்டு, அதைத் தாம் சொல்லவும் இல்லை, எழுதவும் இல்லை என்று ரத்தன் டாட்டாவே பகிரங்கமாக மறுத்தார். உயிரோடிருக்கையில் மறுக்க அவருக்கு வாய் இருந்தது. இறந்தபின் மறுப்பவர் யார்? ஆகவே எவரெவரோ புனைந்த பொன்மொழிகளெல்லாம் அவர் தலையில் ஏற்றப்பட்டன. கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறினாலும் கண்டுபிடித்துத் திருத்தும் நீங்கள், ஒரு நாளைக்கு நூறு பிழைகளைத் தேடித் தேடிக் களையும் நீங்கள், இறந்த மனிதரைப் பற்றிய செய்தியை மட்டும் சோதியாமல் அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறீர்கள் என்பதே என் முதல் மனக்குறை.

இரண்டாவது மனக்குறை பட்டங்களைப் பற்றியது. கோஹ்லி மறைந்தபோது எல்லாப் பத்திரிகைகளும் அவரை ‘இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையின் தந்தை’ என்று எழுதின. அவருக்கு அந்தப் பெருமை தகாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், அந்த ஒரு சொல்லை எழுதியவுடன் எழுதுகிறவனுக்கும் படிக்கிறவனுக்கும் வேலை தீர்ந்துபோகிறது. 1960-களின் நடுவில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்துத் திரும்பிய லலித் கனோடியா முதலான சில இளைஞர்கள் டாட்டாக்களிடம் சென்று, கம்ப்யூட்டருக்கென்று ஒரு தனி நிலையம் வேண்டுமென்று வாதாடித் தொடங்கிவைத்த காரியமே பிற்பாடு அந்த ஸ்தாபனமாக உருவெடுத்தது. அது 1968-இல் பிறந்தது. கோஹ்லி அதற்குள் வந்து சேர்ந்தது 1969-இல். இந்தச் சின்ன விவரத்தை அறிவதனால் கோஹ்லியின் மதிப்பு குறையவில்லை; பிறர் தொடங்கிய ஒன்றைத் தம் பொறுப்பாக ஏற்று முப்பதாண்டு காலம் சுமந்தவர் என்ற வேறொரு பெருமை துலங்குகிறது.

இனி, மறுபக்கத்தில் நிற்கும் உங்களில் சிலருக்கும் ஒரு வார்த்தை. ஒரு தொழிலதிபர் இறந்த செய்தி வந்ததும், புகழ்மாலைகளைக் கண்டு எரிச்சலுற்று, ‘இவர் எங்களுக்கு என்ன செய்தார்?’ என்று கேட்பவர்கள் இருக்கிறீர்கள். அந்தக் கேள்வியை அசிங்கமென்றோ, பண்பற்றதென்றோ நான் தள்ளமாட்டேன். 2025 ஜூலையில் அதே டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, அறுபதாயிரம் ரூபாய் மாதத் தவணையும் பள்ளிக்கூடக் கட்டணமுமாக நிற்கும் நடுவயதுக் குடும்பத் தலைவன் எவன் நிம்மதியாக உறங்கியிருப்பான்? நீங்கள் நினைத்து உருகிய ஜாப்ஸின் ஆப்பிள் தொலைபேசி இன்று ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில், விடுதிகளில் தங்கி ஷிஃப்ட் பார்க்கும் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்களின் கைகளில் உருவாகிறது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு கெட்டுப் பலர் நோயுற்று, அப்பெண்கள் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்ததும் நடந்த கதைதான். இவற்றையெல்லாம் கேட்கத்தான் வேண்டும். எனினும் குற்றம் சாட்டுவதற்கும் விவரம் வேண்டும். யார், எந்தக் காலத்தில், எந்த நிர்ப்பந்தத்தில், எந்த முடிவைச் செய்தார் என்பது தெரியாமல் வீசும் பழியும், யாரோ புனைந்த பொன்மொழியும் ஒரே தரத்தவை.

அப்படியானால் கோஹ்லி செய்ததுதான் என்ன? சற்றுப் பொறுமையோடு கேளுங்கள். எனக்கு இதைச் சொல்வதில் ஒரு தனி ஆசை உண்டு.

அவர் பெஷாவரில் 1924 மார்ச் 19-ஆம் தேதி பிறந்தார். லாகூரில் படித்து, கனடா தேசத்துக் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் பயின்று, 1950-இல் எம்.ஐ.டி.யில் முதுகலைப் பட்டம் பெற்றார். அவர் வெளிநாட்டில் இருந்தபோதே தேசப் பிரிவினை நிகழ்ந்து, பிறந்த ஊர் அயல்நாடாகிவிட்டது. 1951-இல் திரும்பிவந்து பம்பாயில் டாட்டா மின்சாரக் கம்பெனியில் அமர்ந்தார். ஒரு பெரிய நகரத்துக்கு மின்சாரம் அளிப்பதென்றால், எந்த நேரத்தில் எவ்வளவு சுமை எங்கே ஏறும், எந்த மின்நிலையத்திலிருந்து எவ்வளவு எடுப்பது என்பதைக் கணத்துக்குக் கணம் கணக்கிட்டாக வேண்டும். அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்கலாம் என்று 1960-களிலேயே கண்டு செய்தவர் அவர். ஆகவே கம்ப்யூட்டர் அவருக்கு வந்தது, காட்சிக்கு வைக்கும் அதிசயமாக அன்று. ஊரில் விளக்கு அணையாமல் காக்கும் கருவியாக.

அவர் பொறுப்பேற்றபோது டி.சி.எஸ். ஸ்தாபனத்தின் வேலை என்ன தெரியுமா? இரும்பு உருக்காலைக்காகத் துளையிட்ட அட்டைகளைக் கணக்கிட்டுக் கொடுப்பது. ஸென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியாவின் கிளைகளுக்கிடையே நடந்த பற்றுவரவுகளை ஒன்றோடொன்று பொருத்திச் சரிபார்ப்பது. ஒரு கிளை எழுதியனுப்பிய சீட்டு இன்னொரு கிளையில் பதிவாகியிருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான சீட்டுகள் ஜோடி சேராமல் மாதக்கணக்கில், சில வேளை வருஷக்கணக்கில் கிடக்கும். குமாஸ்தாக்களின் கண்ணைக் கெடுத்த அந்த வேலையை யந்திரத்திடம் கொடுத்ததுதான் ஆரம்பம். இன்றைக்கு உங்களில் எத்தனையோ பேர் ஏதோ ஓர் அயல்நாட்டு வங்கிக்காக இரவெல்லாம் விழித்துச் செய்வதும் அடிப்படையில் அதே காரியந்தான்.

அக்காலத்தில் கம்ப்யூட்டர் ஒன்றை இறக்குமதி செய்வது சாதாரண காரியமில்லை. விலைக்கு மேலே சுங்க வரி. அதற்கு மேலே அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. யந்திரத்தின் விலையைப்போல் இரு மடங்கு அந்நியச் செலாவணியை ஏற்றுமதியால் ஈட்டித் தருவதாக உறுதி கொடுத்த பிறகே அவருக்கு அனுமதி கிடைத்தது. ஏற்றுமதி செய்யக் கையில் சரக்கு என்ன இருந்தது? மூளை ஒன்றுதான். அமெரிக்காவின் பரோஸ் கம்பெனி 1974-வாக்கில் ஒரு வேலையைக் கொடுத்தது: மருத்துவமனைக் கணக்குகளைப் பராமரிக்கும் நிரல்களை, ஒருவகை யந்திரத்துக்கு எழுதப்பட்ட வடிவிலிருந்து இன்னொரு வகை யந்திரத்துக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றித் தர வேண்டும். அந்த யந்திரமோ இங்கே இல்லை. இருந்தது வேறொரு கம்பெனியின் கம்ப்யூட்டர். கையால் மாற்றினால் காலம் போதாது என்று உணர்ந்து, மாற்றும் வேலையையே செய்யக்கூடிய ஒரு நிரலை அந்த வேற்று யந்திரத்தில் எழுதி, அதன்வழி காரியத்தை முடித்தார்கள். கண்ணால் காணாத யந்திரத்துக்கு, கடல்தாண்டி இருந்த ஆஸ்பத்திரிக்காக, இங்கே உட்கார்ந்து வேலை செய்யலாம் என்பது அன்று மெய்ப்பட்டது. சிறுசேரியில் வண்ணத்துப்பூச்சியின் வடிவில் கார்லோஸ் ஓட் என்னும் உருகுவே நாட்டுக் கட்டடக் கலைஞர் அமைத்த டி.சி.எஸ்.ஸின் மாபெரும் வளாகத்துக்கும், 2000-ஆம் ஆண்டு ஜூலையில் தரமணியில் திறக்கப்பட்ட டைடல் பூங்காவுக்கும் மூலத்தைத் தேடிப்போனால், அந்தச் சிறிய, பிடிவாதமான, யாரும் பாராட்டாத மாற்றுவேலைக்கே நாம் போய்ச் சேர்வோம்.

இத்தனைக்கும் தாம் வளர்த்த தொழிலைக் கண்டு அவர் திருப்தியடைந்து அமர்ந்துவிடவில்லை. நான் அவரை உயர்வாக மதிப்பது இதற்காகவே. ஆங்கிலம் அறிந்த சிறுபான்மைக்கும் அயல்நாட்டாருக்கும் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தால் போதாது. இந்நாட்டு மொழிகளில் கம்ப்யூட்டர் பேசாதவரை பெரும்பாலான ஜனங்களுக்கு அதனால் பயன் இல்லை என்று முதுமையிலும் சலிக்காமல் சொல்லிவந்தார். சொன்னதோடு நிற்காமல், எழுதப் படிக்க அறியாத வயது வந்தோருக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டே சொந்த மொழியை வாசிக்கக் கற்பிக்கும் திட்டமொன்றை 2000-ஆம் ஆண்டில் ஆந்திரத்தில் தெலுங்கில் தொடங்கினார். பிறகு அது தமிழிலும் வந்தது. எழுத்துக்களை வரிசையாக மனனம் செய்விக்காமல், பழகிய சொற்களை முழுதாகக் காட்டி, சுமார் நாற்பது மணி நேரப் பயிற்சியில் ஒருவர் பத்திரிகையை எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலைக்கு வரவேண்டும் என்பது அதன் நோக்கம். கம்பெனிகள் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர்களே அதற்குப் போதுமாயிருந்தன. பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மனிதர், வயலில் களை பறித்துவிட்டு மாலையில் வந்து உட்காரும் ஒரு பெண்மணியின் நாற்பது மணி நேரத்தைப் பற்றிச் சிந்தித்தார். அவருடைய இரங்கற் செய்திகளில் இது ஒரு வரியாக வந்தது. பலவற்றில் வரவே இல்லை.

தமிழைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரப் பாடுபட்ட நம்மவர்களுக்கும் இதே கதிதான். சிங்கப்பூரில் இணையத்தில் தமிழ் தோன்றுவதற்கு முன்னோடியாக உழைத்த நா. கோவிந்தசாமி, சென்னையில் 1999 பிப்ரவரியில் தமிழ் இணைய மாநாடு கூடி விசைப்பலகைக்கு ஒரு பொது ஒழுங்கு வகுத்த மூன்றாம் மாதம், மே 26-ஆம் தேதி மறைந்தார். அதிராம்பட்டினத்து உமர்தம்பி, ‘தேனீ’ எழுத்துருவையும் வேறு பல தமிழ்க் கருவிகளையும் ஆக்கி எல்லோருக்கும் இலவசமாக வழங்கிவிட்டு, 2006 ஜூலை 12-ஆம் தேதி மறைந்தார். பிற்பாடு 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி நடந்த இணைய மாநாட்டில் ஓர் அரங்குக்கு அவர் பெயரிட்டார்கள். அது நல்ல காரியம். ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று இன்று நீங்கள் கைப்பேசியில் தமிழில் அடிக்க முடிவது இத்தகைய மனிதர்களின் பிரயாசையால்தான்.

நம் முன்னோர்கள் இறந்தவனை நினைவுகூர்ந்த விதத்தை இங்கே எண்ணிப் பார்க்கிறேன். திருவண்ணாமலைப் பக்கத்துச் செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யாருடைய மகன் அல்லது சேவகன், எந்தத் தொறு, அதாவது மாட்டு மந்தை, கவரப்பட்டபோது என்ன செய்து பட்டான் என்பதையெல்லாம் நாலைந்து வரியில் அடக்கி, கீழே அவன் வில்லும் வாளும் ஏந்தி நிற்கும் உருவத்தைப் பொறித்தார்கள். மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல்லில் கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயும் பெயரோடு இடம் பெற்றிருக்கிறது. ரத்தன் டாட்டாவின் நாய்க்காகக் கலங்கிய உங்களுக்கு இந்தச் செய்தி பிடிக்கும் என்று நம்புகிறேன். அந்தக் கல்லில் புகழ்ச்சி அடைமொழி இல்லை, செய்கை இருக்கிறது. ஆகவேதான் ஏறத்தாழ ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு அப்புறமும் அந்த நாயை நாம் பெயர் சொல்லி அழைக்கிறோம்.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். கோஹ்லிக்கும் ரத்தன் டாட்டாவுக்கும் சரித்திரம் எழுதப் பிறர் இருக்கிறார்கள். கோஹ்லிக்குப் பின் 1996-இல் அந்த ஸ்தாபனத்தின் தலைமையை ஏற்ற எஸ். ராமதுரை, 2011-இல் அதன் கதையைப் புத்தகமாகவே எழுதினார். நாமக்கல் மாவட்டத்து மோகனூரில் பிறந்து, திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் படித்து, இன்று டாட்டா குழுமத்துக்கே தலைவராக வீற்றிருக்கும் என். சந்திரசேகரனைப் பற்றியும் வருங்காலத்தில் விரிவாக எழுதுவார்கள். என் கவலை, பெயர் வெளியே வராதவர்களைப் பற்றியது. 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு ஐ.பி.எம். 370/155 என்னும் பெரிய கம்ப்யூட்டர் நிறுவப்பட்டது. அந்தக் குளிர்ந்த அறைக்கு வெளியே, தாங்கள் துளையிட்ட அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு, ஒரு காற்புள்ளி தவறியதால் முழு வேலையும் வீணாகித் திரும்பி வந்ததைக் கண்டு நொந்து, மறுபடியும் வரிசையில் நின்றவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். வங்கிகளிலும் இன்ஷூரன்ஸிலும் ரயில்வேயிலும் பேரேட்டை மூடிவிட்டு யந்திரத்துக்கு மாறிய தலைமுறையினரும் அப்படியே. கம்ப்யூட்டர் வந்தால் வேலை போகுமென்று கொடிபிடித்து வாசலில் நின்ற சங்கத்தினரும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் இந்தச் சரித்திரத்தில் சேர வேண்டியதே. இவர்களுள் கணிசமானோர் உங்கள் தெருவில், உங்கள் அடுக்குமாடிக் கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில், காலையில் நாகேஸ்வரராவ் பூங்காவைச் சுற்றி நடந்துவிட்டு வந்து பேச ஆளின்றி உட்கார்ந்திருக்கிறார்கள்.

என் தெருவில் அப்படி ஒருவர் இருந்தார். ஒரு பெரிய காரியாலயத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, மேலதிகாரிகள் நடத்திய தேர்வில் தேறி, நிரல் எழுதப் பழகியவர். பென்சிலால் கட்டங்களும் அம்புக்குறிகளும் வரைந்து நிரப்பிய நோட்டுப் புத்தகங்கள், தேதியிட்டு, அவரிடம் ஓர் அலமாரி நிறைய இருந்தன. அவர் காலமான பிறகு, பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுவதற்காகப் பில்டரிடம் ஒப்படைக்கையில், அந்தப் புத்தகங்கள் பழைய பேப்பர்க்காரரின் தராசுக்குப் போய்விட்டன. பிள்ளைகள் கெட்டவர்கள் அல்லர்; தகப்பனாரிடம் உயிரையே வைத்திருந்தவர்கள்; அவருடைய படத்துக்கு நாள்தோறும் பூ வைக்கிறார்கள். அந்த நோட்டுகளில் ஏதேனும் மதிப்பு இருக்கக்கூடும் என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளைகளுள் ஒருவர் உங்கள் துறையிலேயே நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார்.

இது நடந்தது மயிலாப்பூரில். இதே தென்சென்னையில்தான், 1942-இல் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் மறைந்ததும், அவர் ஊர் ஊராக அலைந்து சேர்த்த சுவடிகள் சிதறிப்போகலாகாது என்று கருதி, ருக்மிணிதேவி அருண்டேல் முன்னின்று 1943-இல் அடையாற்றில் அவர் பெயரால் நூல்நிலையம் ஏற்படச் செய்தார். இன்று அது பெஸன்ட் நகரில் இயங்கிவருகிறது. துக்கம் கொண்டாடுவதற்கு இதைவிடச் சிறந்த விதம் ஒன்றை நான் அறியேன். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்துக்கொண்டே, பிறர் வேண்டாமென்று ஒதுக்கிய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் அழைப்பிதழ்களையும் வாழ்நாளெல்லாம் சேர்த்த ரோஜா முத்தையா 1992-இல் இறந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியும், கடல் கடத்திக்கொண்டு போகாமல், சென்னையிலேயே 1994-இல் நூலகம் அமைய வழிசெய்தது. அந்த நூலகம் இருக்குமிடம் தரமணி. உங்களில் எத்தனையோ பேர் தினந்தோறும் அதன் அருகாகப் போகிறீர்கள்.

ஆகையால் அடுத்த முறை ஒரு பெரிய தொழிலதிபர் மறைந்த செய்தி வரும்போது, உங்கள் மனம் கனத்தால், அந்தக் கனத்தோடு ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தெருவிலோ உறவிலோ அந்தத் தலைமுறையில் எஞ்சியிருக்கும் ஒருவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் உட்காருங்கள். ‘மாமா, நீங்கள் முதலில் தொட்ட கம்ப்யூட்டர் எது?’ என்று ஆரம்பியுங்கள். ‘அம்மா, அட்டையில் துளையிடும் வேலைக்கு உங்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?’ என்று கேளுங்கள். அந்த வேலையில் பெண்கள் இருந்தார்கள் என்பதே உங்களில் பலருக்குச் செய்தியாக இருக்கக்கூடும். சம்பளம் எவ்வளவு, இரவு வேலைக்கு வீட்டில் சம்மதித்தார்களா, முதன்முதலில் அயல்நாட்டுக்கு அனுப்பியபோது குளிர்சட்டை யாரிடம் இரவல் வாங்கினார்கள், பிழை நேர்ந்த அன்று மேலதிகாரி என்ன சொன்னார், எந்த வேலையைச் செய்ததற்காக இன்றும் பெருமைப்படுகிறார்கள், எதற்காக வருந்துகிறார்கள் என்றெல்லாம் கேளுங்கள். உங்கள் கைப்பேசியிலேயே குரலைப் பதிவு செய்யலாம். அவர்களுடைய சம்மதம் பெற்றுச் செய்யுங்கள். தமிழிலேயே பேசவிடுங்கள், இடையிடையே வரும் ஆங்கிலத் தொழிற்சொற்களைத் திருத்தாதீர்கள், அவர்கள் அந்தக் காலத்தில் பேசியது அப்படித்தான். தேதியும் இடமும் குறித்து, எழுத்தில் பெயர்த்து, அவர்களிடமே படித்துக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய நோட்டுகள், கையேடுகள், நியமன உத்தரவுகள், காரியாலயத்தில் எடுத்த புகைப்படங்கள் கிடைத்தால், படத்தில் நிற்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாகக் கேட்டு ஒரு தனித் தாளில் எழுதி உடன் வையுங்கள். படத்தின் பின்புறத்தில் பேனாவால் எழுத வேண்டாம். லஸ்ஸுக்கு அருகில் உள்ள ரானடே நூலகத்தின் சாஸ்திரி ஹாலில் ஒரு மாலை கூட்டம் போட்டு, ஐந்தாறு பெரியவர்களை அழைத்துப் பேசச் செய்ய உங்களால் முடியாதா? நாற்காலி போடவும் காப்பி வாங்கி வரவும் என்னைப்போன்ற கிழவர்கள் இருக்கிறோம். சேர்ந்தவற்றை எந்த நூலகம் ஏற்கும், எவ்விதம் ஒப்படைப்பது என்பதை ஐ.ஐ.டி.யின் பாரம்பரிய மையத்திலும் தரமணி நூலகத்திலும் முன்கூட்டியே போய் விசாரித்து வையுங்கள். அதற்கென்று அரைநாள் லீவு எடுக்க வேண்டியிருக்கலாம்.

தங்கள் அன்புள்ள,
மயிலாப்பூர்வாசி ஒருவன்